சின்ச்செரோ: ஆண்டிஸ் மலைமேல் ஓர் உருளைக்கிழங்கு ஊர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரு நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் மாச்சு பிச்சுவுக்குப் போகிற வழியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் சின்ச்செரோ. ஸ்பானியர் வருவதற்கு முன் இந்த மலைகளை ஆண்ட இங்கா பேரரசின் காலத்து மதில், அதன்மேல் ஒரு தேவாலயம், முற்றத்தில் உட்கார்ந்து நெசவு செய்யும் பெண்கள். நாலு படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறார்கள். அந்த மதிலை ஒட்டிய மண்ணில் இன்றைக்கும் கிழங்கு போட்டு அறுவடை செய்கிறார்கள் என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. ஆண்டிஸ் மலை விவசாயத்தைப் பல காலமாகப் படித்துவருகிறவன் என்பதால் இந்த ஊரைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சின்ச்செரோ சரியாக எங்கே இருக்கிறது?

தெற்கு பெருவில், குஸ்கோ நகரத்துக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில். நிர்வாகப்படி உருபம்பா மாகாணத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்திலிருந்து உயரம் சுமார் 3,760 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். அதன் உச்சியில் நின்றுகொண்டு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அண்ணாந்து பார்த்தால் எங்கே இருக்குமோ அங்கே இருக்கிறது இந்த ஊர்.

பூமத்திய ரேகையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் வடக்கே இருக்கிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் தெற்கே இருக்கிறது சின்ச்செரோ. இரண்டும் 13 டிகிரியை ஒட்டியவை. எனவே பகல் நேரம் ஆண்டு முழுதும் பெரிதாக மாறுவதில்லை, வெயில் நேராக அடிக்கிறது. ஆனால் உயரம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. நண்பகலில் முகம் கருகும், அன்று இரவே தண்ணீர் உறையும்.

ஊர் ஓர் அகன்ற மேட்டுச் சமவெளியில் அமர்ந்திருக்கிறது. ஏற்ற இறக்கமான செம்மண் வயல்கள், நடுவே பியுராய், வைபோ என்று இரண்டு ஏரிகள், ஊருக்குக் காவல் தெய்வமாக மக்கள் கும்பிடும் அந்தாகில்கா மலை. வடக்கு விளிம்புக்குப் போனால் நிலம் சட்டென்று சரிந்து உருபம்பா பள்ளத்தாக்கில் இறங்குகிறது. பள்ளத்தாக்கின் அடி 2,900 மீட்டரை ஒட்டியது. அதாவது ஒரே நடையில் கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம். எதிரே சிகோன், வெரோனிகா பனிமலைகள். மேற்கே தொலைவில் 6,271 மீட்டர் உயர சல்கந்தாய்.

இந்த 900 மீட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஊரின் வாழ்க்கையில் பாதி இதில் அடங்கியிருக்கிறது. கீழே மக்காச்சோளம் விளையும், மேலே விளையாது. மேலே நல்ல உருளைக்கிழங்கு வரும், கீழே பூச்சியும் நோயும் படுத்தும். ஒருவர் பண்டம் மற்றவருக்கு வேண்டும். சின்ச்செரோவின் ஞாயிற்றுச் சந்தையே அப்படி வளர்ந்ததுதான். நெடுங்காலம் அங்கே காசு கைமாறியதைவிட கிழங்கும் சோளமும் கைமாறியதுதான் அதிகம்.

அவ்வளவு உயரத்தில் மூச்சு முட்டாதா?

புதிதாகப் போகிறவர்களுக்கு முட்டும். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். அங்கே இதைச் சொரோச்சே என்கிறார்கள், கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தலைமுறை தலைமுறையாக உடல் பழகிவிட்டது.

அழுத்தம் குறைந்தால் தண்ணீர் 88 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும். ஆகவே பயறு, பருப்பு வேக நேரம் பிடிக்கும். அடுப்பில் பானை வெகுநேரம் இருக்கும்.

பருவம் எப்படி?

இரண்டே பருவம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழை, மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. ஜூன், ஜூலை இரவுகளில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மழைக்காலத்தில் ஆலங்கட்டி விழும். விவசாயிக்குப் பயம் மழை இல்லாமல் போவதைப் பற்றி மட்டுமல்ல. பயிர் பூத்து நிற்கும்போது எதிர்பாராமல் ஓர் உறைபனி இரவு வந்துவிட்டால் விடிவதற்குள் வயலே கருகிப்போகும். மழையும் வெயிலும் மாறி மாறி வருவதால் வானவில் அடிக்கடி தெரியும். வானவில் ஊர் என்றே அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு.

என்னென்ன பயிர் செய்கிறார்கள்?

முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம்தான் மற்றவை. உருளைக்கிழங்கு உலகத்துக்குக் கிடைத்ததே இந்த மலைகளிலிருந்துதான். தெற்கு பெரு, தித்திகாகா ஏரிப் பக்கம் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு காட்டுக் கிழங்கைப் பழக்கி எடுத்தார்கள். நாம் கடையில் "உருளை" என்று ஒரே பெயரில் வாங்குகிறோம். அங்கே ஒரே வயலில் பல வகை கலந்து நடுவார்கள்: கறுப்பு, ஊதா, மஞ்சள், உள்ளே சிவப்பு வளையம் போட்டது, விரல் போல நீண்டது, அன்னாசிப் பழம்போல முண்டு முண்டாக இருப்பது. ஒன்று பனியில் போனால் இன்னொன்று தாங்கும், ஒன்றில் நோய் வந்தால் இன்னொன்று தப்பும். காப்பீட்டு நிறுவனம் இல்லாத காலத்தில் கண்டுபிடித்த காப்பீடு அது.

பெயர்களும் அழகு. முண்டும் பள்ளமுமாக இருக்கும் ஒரு வகைக்கு, அந்த மலை மக்கள் பேசும் கெச்சுவா மொழியில், 'கச்சுன் வகாச்சி' என்று பெயர். மருமகளை அழவைப்பது என்று பொருள். கல்யாணமாகி வரப்போகிற பெண்ணிடம் அந்தக் கிழங்கைக் கொடுத்துத் தோலைச் சீவச் சொல்வார்களாம். தோல் மெலிதாக வர வேண்டும், சதை வீணாகக் கூடாது. மாமியார் பக்கத்திலேயே இருந்து பார்ப்பார். இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும், நம் ஊர்ப் பெண்கள் மிச்சத்தைத் தாங்களே புரிந்துகொள்கிறார்கள்.

உருளையைத் தவிர ஒயுகோ, ஓகா, மாஷ்வா என்று மூன்று கிழங்கு வகைகள், கினுவா தானியம், தார்வி என்னும் கசப்புப் பயறு ஆகியவை மண்ணின் சொந்தப் பயிர்கள். ஸ்பானியர் கொண்டுவந்த பார்லி, கோதுமை, அகல அவரை ஆகியவையும் நன்றாக வேர்விட்டுவிட்டன.

நிலத்தை எப்படிச் சுழற்சியில் வைக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊர்ப்பொது நிலத்தைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். இதற்கு முயுய் என்று பெயர். சுற்றுவது என்று பொருள். இந்த ஆண்டு எந்தப் பகுதியில் உருளை போட வேண்டும் என்பதை ஊரே சேர்ந்து முடிவு செய்யும். அடுத்த ஆண்டு அதே நிலத்தில் ஒயுகோ, ஓகா போன்றவை, அதற்கடுத்து பார்லி அல்லது அவரை, அப்புறம் சில ஆண்டு தரிசு. தரிசில் ஆடு மேயும், புழுக்கை விழும். உருளையின் வேரைத் தாக்கும் நுண்புழுக்கள் இரை கிடைக்காமல் குறைந்துபோகும். இன்றைய வேளாண் அறிவியல் "நீண்ட தரிசு நூற்புழுவைக் கட்டுப்படுத்தும்" என்று சொல்வதை அவர்கள் ஊர்க்கட்டுப்பாடாகவே வைத்திருந்தார்கள். தனி ஆள் நினைத்தால் மீற முடியாது. அந்தக் கண்டிப்பில்தான் அதன் பலம் இருந்தது. உரமும் மருந்தும் சந்தை நெருக்கடியும் வந்த பிறகு தரிசு ஆண்டுகள் சுருங்கிக்கொண்டே போகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உழவுக்கு மாடு உண்டா?

உண்டு, டிராக்டரும் உண்டு. ஆனால் சரிவான வயலில் இன்னும் சாகிதாக்யாதான். இது கால் கலப்பை. ஆளுயரக் கழி, நுனியில் இரும்புக் கொழு, அதற்குச் சற்று மேலே கால் வைத்து அழுத்த ஒரு குறுக்குக் கட்டை, பிடிக்க ஒரு கைப்பிடி. இரண்டு ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் மிதித்து, ஒரே நேரத்தில் கழியைச் சாய்த்து மண்ணைக் கிளப்புவார்கள். எதிரே குனிந்து நிற்கும் ஒருவர், பெரும்பாலும் பெண், கிளம்பிய கட்டியைக் கையால் புரட்டிப் போடுவார். ஆண்கள் இருவரும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே போவார்கள்.

கூலிக்கு ஆள் வைப்பதும் உண்டுதான். ஆனாலும் இன்று நீ என் வயலுக்கு வா, நாளை நான் உன் வயலுக்கு வருகிறேன் என்கிற ஐனி முறை இன்னும் இருக்கிறது. வேலைக்கு வந்தவர்களுக்குச் சோறும், மக்காச்சோளத்தில் வடித்த சிச்சாவும் கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை.

சுனியோ என்கிறார்களே, அது என்ன?

உறைபனியில் காயவைத்த உருளைக்கிழங்கு. பயிரை நாசமாக்கும் அதே பனியை வேலைக்காரனாக்கிக்கொண்ட கதை இது.

ஜூனில், வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்திருக்கும் நாட்களைப் பார்த்து, சிறு கிழங்குகளைப் புல்தரையில் ஒற்றை அடுக்காகப் பரப்பிவிடுவார்கள். இரவில் கிழங்கு கல்லாக உறையும். காலை வெயிலில் இளகி, தொட்டால் தண்ணீர் ஒழுகும். மூன்று நான்கு இரவு இப்படியே. அப்புறம் அவற்றைச் சிறு குவியல்களாகச் சேர்த்து வெறுங்காலால் மிதிப்பார்கள். குளிர்ந்த சாறு விரலிடுக்கில் பீறிட்டு வரும், தோல் கழன்று விலகும். மீண்டும் வெயிலில் காயப்போட்டால் கறுத்து, சுருங்கி, கையில் எடுத்தால் காய்ந்த சுண்டைக்காய் வற்றல் போலக் கனமே இல்லாமல் ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் கெடாது.

இதிலேயே வெள்ளை வகை ஒன்று உண்டு, மொராயா என்பார்கள். உறைந்த கிழங்கை ஓடையிலோ குட்டையிலோ சில வாரம் ஊறப்போட்டு, அப்புறம் உலர்த்துவது. உயரமான இடங்களில் விளையும் கசப்புக் கிழங்குகளில் நச்சுச் சத்து இருக்கும். உறையவைத்து, ஊறவைத்து, பிழிந்து எடுப்பதில் அது கழிந்துவிடும். சாப்பிட முடியாத கிழங்கு சாப்பிடக்கூடியதாகிவிடுகிறது. இங்கா அரசு தன் களஞ்சியங்களை நிரப்பிப் படைகளுக்கும் பாதை வேலையாட்களுக்கும் சோறு போட்டதில் இந்தக் காய்ந்த கிழங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

நட்சத்திரம் பார்த்து நடவு செய்வார்கள் என்பது உண்மையா?

ஆண்டிஸில் பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு, உண்மைதான். நாம் கார்த்திகை என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தை அவர்கள் கொல்கா, அதாவது களஞ்சியம், என்கிறார்கள். ஜூன் 24ஆம் தேதி, புனித யோவான் திருநாளை ஒட்டி, விடியலுக்கு முன் எழுந்து அதைப் பார்ப்பார்கள். பளிச்சென்று நிறைய விண்மீன்கள் தெரிந்தால் மழை சரியாக வரும். மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதிக்கும், நடவைச் சில வாரம் தள்ளிப்போட வேண்டும்.

2000ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதன் காரணத்தைச் சொன்னது. பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில், ஜூன் மாதத்தில் மிக உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மேகப்படலம் இருக்கும். அதனால் நட்சத்திரங்கள் மங்கும். அதே எல் நினோ ஆண்டுகளில் அடுத்து வரும் பருவ மழையும் குறையும். கண்ணுக்குத் தெரியாத மேகத்தை நட்சத்திரத்தை வைத்து அளந்திருக்கிறார்கள்! நடும் சமயத்தில் ஈரம் இல்லாவிட்டால் உருளை முளைப்பதே பாடு. ஆகவே அந்தச் சில வாரத் தாமதம் விதையைக் காப்பாற்றிவிடும்.

இங்கா அரசர் ஏன் இந்தக் குளிர்ந்த இடத்தில் மாளிகை கட்டினார்?

கட்டியவர் துபாக் இங்கா யுபான்கி. இங்கா நாட்டைப் பேரரசாக விரித்த பச்சகூதியின் மகன். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்டவர். இங்கா வழக்கப்படி ஓர் அரசர் இறந்தாலும் அவருடைய நிலமும் மாளிகையும் அடுத்த அரசருக்குப் போகாது. இறந்தவரின் உடலைப் பதப்படுத்தி வைத்து, அவருடைய வம்சத்தார் அந்தச் சொத்தை அனுபவித்து, அவருக்கு உணவு படைத்துக்கொண்டிருப்பார்கள். எனவே ஒவ்வொரு புது அரசரும் தனக்கென்று தனியாகப் பண்ணை தேட வேண்டும். பச்சகூதிக்கு பீசாக், ஒயந்தாய்தம்போ, மாச்சு பிச்சு இருந்தன. மகன் சின்ச்செரோவை எடுத்துக்கொண்டார்.

பள்ளத்தாக்கின் இதமான சோள நிலத்தை விட்டுவிட்டு மேட்டைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பதற்கு என் எண்ணம் இது: குஸ்கோவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதை இங்கேதான் விளிம்பைத் தொடுகிறது, பியுராய் ஏரியின் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது, சுற்றிலும் பனிமலைகள் தெரிகின்றன. மலையையே தெய்வமாகக் கும்பிட்டவர்களுக்குக் கடைசிக் காரணம் சின்னதல்ல.

இந்த மாளிகையில் ஒரு குடும்பக் கதையும் உண்டு. ஸ்பானிய வரலாற்றாசிரியர் சர்மியெந்தோ 1572இல் எழுதிவைத்தபடி, அரசருக்குச் சுகி ஒக்யோ என்ற பெண்ணிடம் மிகுந்த பிரியம். அவள் மகன் கபாக் வாரிக்கே பட்டம் என்று முதலில் சொல்லியிருந்தார். நோயில் விழுந்து சின்ச்செரோவில் படுத்திருந்தபோது மனம் மாறி, பட்டத்தரசியின் மகனுக்கே பட்டம் என்றார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் வைனா கபாக் என்ற பெயரில் பேரரசை ஆண்டவர். கபாக் வாரியைக் கொல்லவில்லை. சின்ச்செரோவிலேயே வைத்துச் சாப்பாடு போட்டார்கள், ஆனால் தலைநகரான குஸ்கோவுக்குள் கால் வைக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். தாய்க்கும் மகனுக்கும் பிரியமாக இருந்த வீடே சிறையாகிவிட்டது.

துபாக் இங்காவின் உடலுக்கும் நல்ல முடிவு கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகள் வாஸ்கர், அதாவல்பா இருவருக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் அதாவல்பாவின் தளபதிகள் அந்தப் பதப்படுத்திய உடலைக் கொளுத்திவிட்டார்கள்.

இன்று என்ன மிச்சம் இருக்கிறது?

ஊரின் மேல்பகுதியில் பெரிய வெளி. அதன் ஒரு பக்கம் முழுதும் நேர்த்தியான கல்மதில். அதில் சரிவகம் போல மேலே குறுகி, கீழே அகன்ற மாடங்கள் வரிசையாக. அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் வயல்கள். இங்காக்கள் செதுக்கிய சுண்ணாம்புப் பாறைகளும் உண்டு: பூமாகாகா, தித்திகாகா, சிங்கானா. சிங்கானா என்றால் தொலைந்துபோகும் இடம் என்று பொருள். பாறையைக் குடைந்து படிக்கட்டு, இருக்கை, கால்வாய் எல்லாம் வெட்டியிருக்கிறார்கள். சில படிகள் எங்கேயும் போகாமல் பாறையிலேயே முடிந்துவிடும்.

படி வயல்களை அழகுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மதிலுக்குப் பின்னால் அடியில் கற்கள், அதன்மேல் சரளை, அதன்மேல் மண் என்று அடுக்கியிருப்பார்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும், மதில் சரியாது. பகல் முழுதும் வெயிலை வாங்கும் கல் இரவில் சூட்டை விடும், பயிரைப் பனி அடிப்பது குறையும். 500 ஆண்டுகளுக்கு மேல் நிற்கிற மதில் இது. 1960களின் இறுதியில் ஸ்பெயினிலிருந்து வந்த தொல்லியல் குழு இங்கே விரிவாக அகழாய்வு செய்தது. புல்லும் மண்ணும் மூடிக்கிடந்த பல கட்டடங்கள் அப்போதுதான் வெளியே வந்தன.

மாளிகை மேல் தேவாலயம் எப்படி வந்தது?

1570களில் ஸ்பானிய அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ ஓர் ஆணை போட்டார். மலையெங்கும் சிதறி வாழ்ந்த குடிகளை ஒரே இடத்தில் கூட்டிக் குடியமர்த்த வேண்டும். வரி வாங்க வசதி, வேலைக்கு ஆள் பிடிக்க வசதி, மதம் மாற்றவும் வசதி. சின்ச்செரோவில் அந்தப் புது ஊரை மாளிகையின் மீதே கட்டினார்கள். அரசர் மண்டபத்தின் அடித்தளத்தின்மேல் மண்கல் சுவர் எழுப்பி, மொன்செராத் அன்னைக்குத் தேவாலயம் கட்டினார்கள். அது 1607ஆம் ஆண்டுக் கட்டடம் என்பார்கள். வெளியே சாதாரண வெள்ளைச் சுவர்தான். உள்ளே போனால் உத்தரம், கூரை, சுவர் என்று பூவும் கொடியுமாக வண்ணம். 1693இல் பிரான்சிஸ்கோ சிவந்தீத்தோ என்ற பூர்வகுடி ஓவியர் தீட்டிய மொன்செராத் அன்னையின் பெரிய படம் அங்கே இருக்கிறது. ஸ்பானிய மலை அன்னையை ஆண்டிஸ் மலைக்காரர் தன் கையால் வரைந்திருக்கிறார்.

புமகாவா யார்? அவர் துரோகியா, தியாகியா?

இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். எளிதாக முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல.

மதேயோ கார்சியா புமகாவா 1740இல் சின்ச்செரோவில் பிறந்தவர், ஊரின் தலைவர். 1780 நவம்பரில், தன்னை இங்கா வம்சத்தவர் என்று சொல்லிக்கொண்ட துபாக் அமாரு ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்து, அடுத்த ஆண்டு ஜனவரியில் குஸ்கோவை முற்றுகையிட்டபோது, புமகாவா தன் ஆட்களோடு ஸ்பானியர் பக்கம் நின்றார். முற்றுகை தோற்றதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். 1781 மே 18 அன்று துபாக் அமாருவைக் குஸ்கோ சதுக்கத்தில் கொடூரமாகக் கொன்றார்கள். வெற்றியைக் கொண்டாட புமகாவா தன் ஊர்த் தேவாலயத்தின் முகப்பில் ஒரு சுவரோவியம் தீட்டவைத்தார். அதில் ஒரு பூமா பாம்பை வீழ்த்துகிறது. அமாரு என்றால் பாம்பு, புமகாவாவின் பெயரில் இருப்பதோ பூமா. கூடவே "வந்தேன், கண்டேன், வென்றேன்" என்ற ரோமானிய வாசகம்.

படைத்தலைவர் பட்டம், குஸ்கோவில் உயர்பதவி எல்லாம் கிடைத்தன. ஆனால் 1814இல் அங்குலோ சகோதரர்கள் குஸ்கோவில் கிளர்ந்தபோது, எழுபது வயதைத் தாண்டிய புமகாவா அவர்களோடு சேர்ந்துகொண்டார். எந்த அரசுக்காகப் பாம்பை மிதித்தாரோ அந்த அரசையே எதிர்த்தார். 1815 மார்ச் 11 அன்று உமாசிரியில் தோற்று, சில நாளிலேயே சிகுவானியில் கொல்லப்பட்டார்.

துபாக் அமாரு பக்கம் அன்றே நின்றிருந்தால் என்று கேட்கத் தோன்றும். ஆனால் குஸ்கோவின் பழைய இங்கா குடும்பத்தார் பலர் துபாக் அமாருவைத் தங்களில் ஒருவராகவே ஏற்கவில்லை. அவரவர் ஊர், குடும்பம், உரிமை என்றுதான் கணக்குப் போட்டார்கள். எனக்கு அந்தச் சுவரோவியம் மிகவும் வருத்தம் தருவது. ஆண்டிஸின் இரண்டு விலங்குகள் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன, பக்கத்தில் லத்தீன்!

நிலம் யார் கையில் இருக்கிறது?

பெருமளவு விவசாயச் சமூகங்களின் கையில். அயுபோங்கோ, கூப்பர், யானகோனா போன்றவை அவற்றில் பழையவை. குஸ்கோ பகுதியில் பல ஊர்களைப் பெரும் பண்ணைகள் விழுங்கியபோதும் சின்ச்செரோ மக்கள் பொது நிலத்தில் பெரும்பங்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். 1969 ஜூன் 24இல் தளபதி வெலாஸ்கோ அரசு கொண்டுவந்த நிலச் சீர்திருத்தம் பண்ணைகளைக் கலைத்து, இத்தகைய சமூகங்களுக்கு சட்டப் பாதுகாப்பு கொடுத்தது. அன்றாடப் பேச்சு இன்னும் கெச்சுவாதான், ஸ்பானிஷும் பலருக்குத் தெரியும்.

நெசவில் அப்படி என்ன சிறப்பு?

ஆட்டு ரோமமும், அல்பாக்கா என்னும் ஆண்டிஸ் மலை விலங்கின் ரோமமும்தான் மூலப்பொருள். ரோமத்தை வெளுப்பதற்குச் சோப்பு கிடையாது. சாக்தா என்னும் ஒரு கிழங்கு வேரைத் தண்ணீரில் துருவிவிடுவார்கள். நுரை பொங்கும். அழுக்கேறிய ரோமத்தை அதில் போட்டுக் கசக்கினால் சில நிமிடத்தில் பால் போல வெளுத்து வரும். அப்புறம் புஷ்கா என்கிற கைக்கதிரில் நூற்பது. ஆடு மேய்த்துக்கொண்டே, நடந்துகொண்டே, பேசிக்கொண்டே நூற்பார்கள்.

சாயம்தான் மாயம் மாதிரி இருக்கும். சிவப்புக்குச் சப்பாத்திக் கள்ளியில் ஒட்டி வாழும் கொச்சினீல் பூச்சி. சாம்பல் பூத்த சிறு மணி போல இருக்கும். உள்ளங்கையில் வைத்து நசுக்கினால் ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் கண்ணெதிரே ஆரஞ்சு நிறத்துக்கு மாறும். மஞ்சளுக்குக் கொயே மரத்தின் பூ, பச்சைக்குச் சில்கா செடியின் இலை.

தறி என்று தனியாக எதுவும் இல்லை. பாவு நூலின் ஒரு முனை கம்பத்தில், மறுமுனை நெசவு செய்பவரின் இடுப்பில். முதுகைப் பின்னால் சாய்த்தால் நூல் இறுகும், முன்னால் வந்தால் தளரும். உடம்புதான் தறி. நூலைத் தட்டி நெருக்குவதற்கு ருக்கி என்று லாமா எலும்பில் செய்த ஒரு கூர்முனைக் கருவி. சிறுமிகள் முதலில் ஹாகிமா என்ற குறுகிய நாடாவில் பழகுவார்கள். சின்ச்செரோவின் அடையாள வடிவம் லொராய்ப்பு, எதிரெதிரே வளைந்து கோத்துக்கொள்ளும் வளைவுகள். தாளில் வரைந்து வைப்பதில்லை, எண்ணிக்கை விரலிலும் மனதிலும் இருக்கிறது. தோளில் போடும் லிக்யா துணியைப் பார்த்தே அவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடலாம்.

தொழிற்சாலைச் சாயமும் மலிவு நூலும் வந்த பிறகு இந்தக் கலை மங்கத் தொடங்கியது. இதே ஊரில் பிறந்த நில்டா கயனௌபா அல்வாரெஸ், மூத்தவர்களிடம் கேட்டுக் கேட்டு வடிவங்களையும் சாய முறைகளையும் மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவர். 1996இல் குஸ்கோவில் மரபு நெசவு மையத்தைத் தொடங்கினார். இன்று சுற்றியுள்ள பல ஊர்களின் நெசவுப் பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: வாங்கும்போது கடுமையாகப் பேரம் பேசாதீர்கள். நல்ல லிக்யா ஒன்றுக்குப் பின்னால் மாதக்கணக்கில் உழைப்பு இருக்கிறது.

விமான நிலையச் சர்ச்சை என்ன?

குஸ்கோவின் இப்போதைய விமான நிலையம் நகரத்துக்கு நடுவே, மலைகளுக்கு இடையே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே பெரிய நிலையத்தைச் சின்ச்செரோ சமவெளியில் கட்டலாம் என்ற பேச்சு 1970களிலிருந்தே உண்டு. 2012க்குப் பிறகு அது வேகம் பிடித்தது. யானகோனா உள்ளிட்ட சமூகங்களிடம் அரசு நிலம் வாங்கியது. 2014இல் ஒரு தனியார் கூட்டமைப்புக்குக் கொடுத்த ஒப்பந்தம் 2017இல் பெரும் அரசியல் புயலில் ரத்தானது. 2019இல் மண் வேலை தொடங்கியது, தென் கொரிய அரசோடு ஒப்பந்தமும் போட்டார்கள். அதே ஆண்டு தொல்லியலாளர்களும் வரலாற்றாய்வாளர்களும் எதிர்ப்புக் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். உலக நினைவுச்சின்ன நிதியம் 2020க்கான கண்காணிப்புப் பட்டியலில், புனிதப் பள்ளத்தாக்கு என்று பெயர்பெற்ற உருபம்பா பள்ளத்தாக்கைச் சேர்த்தது.

ஊர்க்காரர்கள் எல்லோரும் எதிர்க்கிறார்கள் என்று வெளியில் இருந்து நினைப்பது தவறு. பலர் வரவேற்கிறார்கள். பிள்ளைகளுக்கு வேலை, சாலை, நல்ல விலை என்ற நம்பிக்கை நியாயமானது. வறுமையை அழகிய காட்சியாக வைத்திருக்கச் சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது.

என் கவலை தண்ணீரைப் பற்றியது. பியுராய் ஏரி சின்ச்செரோவுக்கு மட்டும் சொந்தமல்ல. குஸ்கோ நகரம் குடிக்கும் நீரில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. இங்கா காலத்திலேயே அந்தத் தண்ணீரைக் குஸ்கோவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இப்போது நகர மக்களின் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை அந்த நீர்ப்பிடிப்பைக் காப்பதற்கென்று ஒதுக்குகிறார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் விமான நிலையத்தைச் சுற்றி விடுதிகளும் கடைகளும் குடியிருப்பும் பெருகினால் அந்தச் சிறு பங்கு எந்த மூலைக்கு? ஏரிக்கு நீர் ஊறிவரும் வயல்களும் ஈரப்புல்வெளியும் கான்கிரீட்டுக்குக் கீழே போய்விட்டால் திரும்பக் கிடைக்காது. ஓடுபாதைக்கு மண்ணை மட்டம் செய்வதற்கு முன்னால் தண்ணீர்க் கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

மே, ஜூன். வானம் தெளிவாக இருக்கும், அறுவடையும் அப்போதுதான். செப்டம்பர் 8ஆம் தேதியை ஒட்டி ஊர்த் திருவிழா. நடனமும் ஊர்வலமும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அது. குஸ்கோவில் இரண்டு நாள் தங்கி உயரத்துக்குப் பழகிக்கொண்டு போங்கள். முதல் நாளே மலை ஏறி ஓடாதீர்கள்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதைத் தவறவிடக் கூடாது?

தேவாலயத்தை முடித்துக்கொண்டு மதிலுக்குக் கீழே இறங்குங்கள். அறுவடை நாளாக இருந்தால் வயலில் எங்காவது புகை எழும். வாத்தியா போடுகிறார்கள் என்று அர்த்தம். காய்ந்த மண்கட்டிகளைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்த சட்டி போல அடுக்கி, ஒரு வாய் விட்டு, உள்ளே சுள்ளியும் வைக்கோலும் போட்டு எரிப்பார்கள். கட்டிகள் தகதகவென்று சூடேறியதும், தீயை ஒதுக்கி, அப்போதுதான் தோண்டிய கிழங்குகளை உள்ளே தள்ளி, அடுப்பையே மேலே இடித்துத் தள்ளி மண்ணால் மூடிவிடுவார்கள். அரை மணி நேரம் கழித்துக் கிளறினால் மண்வாசனையும் புகைவாசனையுமாகக் கிழங்கு வெளியே வரும். தோல் வெடித்து உள்ளே மாவு தெரியும். பக்கத்தில் அம்மியில் அரைத்த உச்சுகுத்தா, காரமான பச்சைத் துவையல். வயல் ஓரத்தில் நிற்பவரைச் சும்மா அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. கிழங்கை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள், சுடும்.